அடுப்பு மூட்டுகிற யோனா எழுதியது

1932 பிப்ரவரி 7, ஞாயிறு

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எழுத்துகள் வரிசையில் நிற்பதில்லை. சில குனிந்திருக்கின்றன, சில பக்கத்து எழுத்தின் மேல் சாய்ந்து தூங்குகின்றன. விறகு பிளந்து பழகிய கை. பேனாவைக் கோடரி மாதிரி பிடிக்கிறேன் என்று டீச்சர் சொல்கிறார். இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

என் பெயர் யோனா. எங்கள் மொழியில் நான்கே எழுத்து. வயது எழுபத்தொன்று. வடக்கே இந்த ஏரிக்கரையில் இருந்த ஆர்த்தடாக்ஸ் துறவிகளின் மடத்துக்கு இருபத்திரண்டு வயதில் வந்தேன். அப்போது இருபத்துமூன்று பேர் இருந்தோம். மூன்று வருடம் முன்பு அரசாங்கம் மடத்தை மூடிப் பால் பண்ணை ஆக்கியது. கோயிலுக்குள் வைக்கோல் அடுக்கியிருக்கிறார்கள். கறுப்பு அங்கி உடுத்தக் கூடாது. நான் மாட்டுக்காரர்களின் பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொள்கிறேன். மற்றவர்களை அனுப்பிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டடங்களில் பத்தொன்பது கணப்படுப்புகள் இருக்கின்றன. எது எந்தக் காற்றுக்குப் புகையும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் யாருமே இருக்கக் கூடாது என்று அரசாங்க உத்தரவு. ஐம்பது வயது வரைதான் கட்டாயம். ஆனால் பாடம் நடக்கும் அறையில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பின்னால் உட்கார்ந்து கேட்டேன். ஒருநாள் அடுப்புக் கதவில் சாம்பலால் என் பெயரை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸீனா டீச்சர் வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று அழிக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, அழிக்காதீங்க, அழிக்காதீங்க!” என்று குதித்தார். இருபது வயதுதான் இருக்கும்.

புதுத் தாள் எங்கும் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் வேண்டாம் என்று கட்டிப் போட்டிருந்த பழைய தாள்களில் ஒரு கட்டு கொடுத்தார். ஒரு பக்கம் யாரோ எழுதியது. மறுபக்கம் என்னுடையது. மை உறைந்துவிடுகிறது, புட்டியை அக்குளில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 9

இன்று ‘பனி’ என்று எழுதினேன். வெளியே பார்த்தேன். இருந்தது.

பிப்ரவரி 14, ஞாயிறு

டீச்சர் பலகையில், “பசு எல்லோருக்கும் பால் தரும்” என்று எழுதினார்.

மார்ஃபா கையைத் தூக்கினாள். ஏரியில் மீன் பிடிக்கிறவள். அவள் கணவனை அந்த ஏரியே கொண்டுபோயிற்று. “டீச்சரம்மா, வைக்கோல் போடாம எப்படித் தரும்? அதையும் எழுதுங்க.”

“அது அடுத்த பாடம், மார்ஃபாக்கா.”

“அதுவரைக்கும் மாடு பட்டினியா கிடக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மார்ஃபா என் தாளை எட்டிப் பார்த்து, “அண்ணே, உங்க பசுவுக்கு ஆறு காலு இருக்கு” என்றாள். எண்ணிப் பார்த்தேன். எழுத்துகளில் கோடு கூடித்தான் போயிருந்தது. கூடின இரண்டை அழித்தேன். ஆறு கால் இருந்தபோதே அது அழகாக இருந்தது.

திரும்பும்போது பனியில் காக்கையின் காலடித் தடங்களைக் கண்டேன். அதுவும் ஏதோ எழுதியிருக்கிறது. நின்று படிக்க முயன்றேன். கால் மரத்துப்போகும் வரை நின்றேன்.

பிப்ரவரி 21, ஞாயிறு

ஜெபப் பாடல்களான சங்கீதங்களின் புத்தகத்தைத் திறந்தேன். எங்கே வைத்திருக்கிறேன் என்று எழுத மாட்டேன். நாற்பத்தொன்பது வருடம் காதால் கேட்டு மனப்பாடம் செய்த வார்த்தைகள். இருட்டில் பேசிப் பழகிய ஒருவரை முதல் தடவை வெளிச்சத்தில் பார்ப்பது மாதிரி இருந்தது. ஓ, நீ இப்படியா இருக்கிறாய், என்று ஒவ்வொரு வார்த்தையிடமும் கேட்டேன். ‘இரக்கம்’ என்பதை இன்னும் பெரிய வார்த்தை என்று நினைத்திருந்தேன். சின்னதுதான்.

கிழிந்த பூட்ஸை எடுத்துக்கொண்டு, உறைந்த விரிகுடாவைக் கடந்து, ஊரில் செருப்புத் தைப்பவரிடம் போனேன். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் முன்பு வேறு வேலையில் இருந்தார். தையல் சுமார்தான். ஆனாலும் மூன்று ஊர்க்காரர்கள் அவரிடம்தான் வருகிறார்கள், கிழியாத பூட்ஸோடு கூட வருகிறார்கள். போன மாதம் மார்ஃபா மறந்துபோய் அவர் கையை முத்தமிட்டுவிட்டாள். செருப்புத் தைப்பவரின் கையை யாரும் முத்தமிடுவதில்லை. நல்ல வேளை, கடையில் நாங்கள் மட்டும் இருந்தோம்.

“எழுதக் கத்துக்கிட்டீங்களாமே?” என்றார்.

“ஆமா சாமி... ஆமா ஐயா.”

“படிக்கவும் வருதா?”

“மெதுவா வருது.”

ஊசியில் நூலைக் கோத்தார். “மெதுவாவே வரட்டும்” என்றார்.

மார்ச் 6, ஞாயிறு

ஒரு வேடிக்கை. இத்தனை நாள் தாளின் என் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தையும் இப்போது படிக்க முடிகிறது! ஒரு தாளில் மாடுகளின் பெயர்கள்: நட்சத்திரா, இளவரசி, கறுப்பி. ‘இளவரசி’யை அடித்துவிட்டு ‘தோழி’ என்று மாற்றியிருக்கிறார்கள். இளவரசிக்கு இது தெரியாது. பழைய பெயரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்க்கிறது.

தினமும் ஒரு தாளைத் திருப்பிப் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். தெரியாத வீட்டு சன்னல்களில் எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது.

மார்ச் 13, ஞாயிறு

இன்று மன்னிப்பு ஞாயிறு. நாளை பெரிய நோன்பு தொடங்குகிறது. அதற்கு முன் இந்த ஒரு நாள், எங்கள் வழக்கப்படி, எதிரில் வருகிறவர் யாரானாலும் அவர் முன் தரையில் விழுந்து, “உங்களுக்கு எதிராகப் பாவம் செய்தேன், என்னை மன்னியுங்கள்” என்று சொல்ல வேண்டும். என்ன பாவம் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் குனிந்து, “கடவுள் மன்னிப்பார், என்னையும் மன்னியுங்கள்” என்பார்.

மார்ஃபாவின் முன் விழுந்தேன். அவளும் விழுந்தாள். “அண்ணே, போன வாரம் உங்க சாம்பல் வாளியை நான்தான் எடுத்தேன். இப்பவே சொல்லிடறேன்” என்றாள்.

டீச்சரின் முன் விழுந்தபோது பதறிவிட்டார். “ஐயோ தாத்தா, எழுந்திருங்க, யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க! நீங்க எனக்கு என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யலை டீச்சர். இன்னிக்கு வழக்கம்.”

கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “சரி, மன்னிச்சேன், எழுந்திருங்க” என்றார். இளவரசியிடமும் கேட்டேன். அது என் தொப்பியை நக்கியது.

மூன்று வருடம் முன்பு இதே ஞாயிறன்றுதான் மாவட்டத்திலிருந்து அதிகாரி ரோகோவ் வந்தார். எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். “கோயில் வெள்ளியை எங்கே ஒளிச்சு வெச்ச?” என்று கேட்டார். வெள்ளி எதுவும் மடத்தில் இல்லை. பஞ்சம் வந்த வருடமே அரசாங்கம் எடுத்துப் போயிருந்தது. அதைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அன்று முதலில் எதிரில் வந்த மனிதர் அவர். முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். விழுந்து, “உங்களுக்கு எதிரா பாவம் செஞ்சேன், என்னை மன்னிச்சிடுங்க ஐயா” என்றேன். அவர் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டார். “யார் சொல்லிச் செஞ்ச?” என்று கேட்டார். “எங்க தலைவர் சொல்லாம நான் ஒரு சுள்ளியக் கூட எடுக்கறதில்லை” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். கீழ்ப்படிதலில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. எழுத்து தெரியாதவர்கள் பெயருக்குப் பதில் போடும் சிலுவைக் குறியை இரண்டு பிரதிகளின் அடியிலும் போட்டேன், ஒன்று இங்கே அலுவலகத்தில் தங்கிவிட்டது.

மாலையில் எங்கள் மடத் தலைவர் தந்தை நிகாந்தரைப் பனிவண்டியில் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் அவர் என் எதிரில் வந்து தரையில் விழுந்தார். நானும் விழுந்தேன். வண்டி ஏரியின் மேல் போய், பனிமூட்டத்துக்குள் ஒரு பாட்டு முடிவது போல மறைந்தது. அவர் கிழக்கே ஏதோ ஒரு மடத்தில் இருப்பார். அங்கே அடுப்பை யார் மூட்டுகிறார்களோ.

மார்ச் 17

இன்று திருப்பிய தாளில் என் பெயர் இருக்கிறது! அலுவலகத் தாளில் என் நான்கு எழுத்து. மகிழ்ச்சியில் கறுப்பியிடம் காட்டினேன். மீதியை நாளை படிப்பேன். கையெழுத்து நெருக்கமாக இருக்கிறது.

மார்ச் 18

‘எழுத்தறிவு அற்ற துறவி யோனா கூறியது.’ இவ்வளவு படித்தேன்.

மார்ச் 19

‘வெள்ளிப் பாத்திரங்களை மறைத்தது.’ அடுத்து ஒரு சின்ன வார்த்தை. ‘உண்மை.’ வேறு ஏதோ யோனாவாக இருக்கும்.

மார்ச் 20, ஞாயிறு

‘மடத் தலைவர் நிகாந்தரின் கட்டளைப்படியே செய்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.’

கீழே ஒரு சிலுவைக் குறி. குறியின் இடது கை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. நான் அப்படித்தான் போடுவேன்.

மார்ச் 22

பத்தொன்பது அடுப்பும் எரிகின்றன. ஏழாவது புகைந்தது, சரி செய்தேன்.

மார்ச் 27, ஞாயிறு

பனி மேல் தண்ணீர் நிற்கத் தொடங்கிவிட்டது. வானத்தின் மேல் நடப்பது போல விரிகுடாவைக் கடந்தேன். செருப்புத் தைப்பவரிடம் தாளைக் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை.

“எனக்குத் தெரியும் யோனா.”

“எப்பலேர்ந்து?”

“அன்னிலேர்ந்தே. விசாரணையில தலைவருக்கு அதைப் படிச்சுக் காட்டினாங்களாம்.”

“அவர் இப்போ எந்த மடத்துல இருக்கார்?”

அவர் கதவைச் சாத்தினார். ஒரு பழைய பூட்ஸின் உள்தோலைப் பிரித்து, நான்காக மடித்த கடிதத்தை எடுத்தார். “ரெண்டாவது குளிர்காலத்துல இது வந்துது. மரம் வெட்டற முகாம்லேர்ந்து. அதுக்கப்புறம் எதுவும் வரலை. கூட இருந்தவர் ஒருத்தர் சொல்லி அனுப்பினார்.” என்ன சொல்லி அனுப்பினார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இறந்தவர்களுக்காகச் செய்கிற மாதிரி மூன்று முறை சிலுவை வரைந்துகொண்டார்.

“நான் படிச்சுக் காட்டட்டுமா?” என்றார்.

“இல்லை. எனக்கு வரும்.”

நெடுநேரம் ஆயிற்று. அவர் தைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தின் கடைசியில் இருந்தது: “யோனாவிடம் அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அன்று அந்த அறையில் வழக்கத்தை மறக்காதவன் அவன் ஒருவன்தான். அவன் அடுப்பு மூட்டட்டும்.”

தலைவரின் கையெழுத்து நன்றாக இருந்தது. எல்லா எழுத்தும் நேராக நின்றன.

ஏப்ரல் 10, ஞாயிறு

ரோகோவ் வந்தார். கொஞ்சம் பருத்திருக்கிறார், முடி கொட்டியிருக்கிறது. அடுப்பருகே என்னைக் கண்டதும் சிரித்தார். “அட, பெரியவரே, இன்னும் இருக்கியா!”

பண்ணை அலுவலகத்தில் உட்கார வைத்து டீ கொடுத்தார். செருப்புத் தைப்பவரைப் பற்றிக் கேட்டார். அவரைப் ‘பாதிரி’ என்றே சொன்னார். இரகசியமாகப் பூசை செய்கிறாராம், கூட்டுப் பண்ணையில் சேராதீர்கள் என்று ஊருக்குச் சொல்கிறாராம்.

“எனக்கு பூட்ஸ் தெச்சுக் குடுத்தார் ஐயா.”

“தோழர்னு சொல்லு. ஒண்ணும் பயப்படாத. நானே எல்லாத்தையும் எழுதி எடுத்துட்டு வரேன். மே ஒண்ணாம் தேதி ஊர்வலத்துக்கு வருவேன். ஒரு சிலுவை போட்டாப் போதும். அது கையில இருந்தா ஊருக்குள்ள போய் ஆளைக் கூட்டிட்டுப் போயிடலாம். உன் ஒருத்தன் சாட்சிதான் பாக்கி.”

கணக்குப் புத்தகத்தைத் தேடுவது போல ஸீனா டீச்சர் அலமாரிப் பக்கம் நின்றிருந்தார். எனக்கு எழுதத் தெரியும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுதப் படிக்கக் கற்றவர்களின் பட்டியலை அவர் மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும், எண்ணிக்கை கூடினால் பாராட்டு. அவர் சொல்லவில்லை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பட்டியலில் நான் இல்லை.

ஏப்ரல் 24, ஞாயிறு

வில்லோ மரத்தில் வெள்ளைப் பூனைமுடி போல மொட்டுகள். ஏரி நாள் முழுக்க உள்ளுக்குள் முனகுகிறது. பனிப்பலகைகள் நகர்கின்றன. கண்ணை மூடிக் கேட்டால் எங்கள் பெரிய மணி தண்ணீருக்கடியில் அடிப்பது போல இருக்கிறது. அதை உருக்கி டிராக்டர் பாகம் செய்துவிட்டார்கள்.

வகுப்பு முடிந்த பின் டீச்சரிடம் போனேன். “டீச்சர், ‘கட்டளையிடவில்லை’ன்னு எப்படி எழுதணும்?”

எழுதிக் காட்டினார்.

“‘நான் சொன்னதில்லை’ன்னு?”

சுண்ணக்கட்டி அவர் கையில் நின்றுவிட்டது. “தாத்தா, எதுக்கு இதெல்லாம்?”

“ஒரு தாள்ல எழுதணும்.”

“எழுதினா உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

“ஆமா. ஒரு எழுத்து தப்பா இருந்தா அசிங்கமா இருக்குமே, அதான் கேக்கறேன்.”

அவர் சன்னலோரம் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு வந்து உட்கார்ந்து, பதினோரு வார்த்தைகளையும் என்னோடு ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தார். எட்டாவதில் எப்போதும் ஒரு எழுத்தை விட்டுவிடுகிறேன். அதை மட்டும் இருபது தடவை எழுத வைத்தார்.

ஏப்ரல் 28

மார்ஃபா கேட்டாள்: “அண்ணே, முழுத் தாளையும் வாய்விட்டுப் படிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆவும்?”

“அரை மணி.”

“இன்னும் மெதுவா வராதா?”

“வரும்.”

மே 1, ஞாயிறு

கிறிஸ்து உயிர்த்தார். இந்த வருடம் எங்கள் ஈஸ்டரும் அரசாங்கத்தின் மே தினமும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. விடியும் நேரத்தில் ஒரு படகுக் கொட்டகையில் பதினான்கு பேர் இருந்தோம். யார் என்று எழுத மாட்டேன். பாட்டை மூச்சுக்காற்றால் பாடினோம். பலகை இடுக்குகளில் வெளிச்சம் விழுந்து ஒவ்வொரு முகத்திலும் ஒரு கோடு போட்டது. நேற்று வடகாற்றில் கடைசிப் பனி போய்விட்டது. தண்ணீர் முழுக்கத் திறந்திருந்தது.

காலையில் சிவப்புக் கொடிகளோடு ஊர்வலம். ஈஸ்டருக்காக வெங்காயத் தோலில் சிவப்பாக்கிய முட்டைகளை மார்ஃபா கூடையில் வெளிப்படையாகவே எடுத்து வந்தாள். காவலர் முறைத்தார். “என்ன தோழர் பாக்கறீங்க? உங்க கொடி நிறந்தான். ஒண்ணு எடுத்துக்கங்க” என்றாள். அவர் எடுத்துக்கொண்டார். பிறகு அவளைக் காணவில்லை.

ரோகோவ் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு காவலர்களும் வண்டியும் வெளியே நின்றார்கள். தாளை என் முன் வைத்து அடியில் விரலால் காட்டினார். “இங்க போடு.”

“படிச்சுட்டுப் போடறேன் தோழர்.”

“என்னது?”

கண்ணாடி இல்லை என்பதால் தாளைச் சன்னலருகே கொண்டுபோனேன். சன்னல் ஏரியைப் பார்த்திருக்கிறது. முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு எழுத்தையும் தனியாகச் சொல்லி, பிறகு சேர்த்து, பிறகு வார்த்தையை மறுபடி முழுதாகச் சொல்லி. வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நான் எதையும் படித்ததில்லை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே தலையைத் தூக்கினேன். கரையிலிருந்து ஒரு படகு கிளம்பியிருந்தது. இரண்டு பேர் இருந்தார்கள். என் கண்ணுக்கு யார் என்று தெரியவில்லை.

“என்ன விளையாட்டு இது? சீக்கிரம்” என்றார் ரோகோவ்.

“குறுக்கே பேசினா மறந்துடறேன் தோழர். மறுபடி முதல்லேர்ந்து வரணும்.” முதலிலிருந்து வந்தேன்.

‘பாதிரி’ என்ற வார்த்தைக்கு வந்தபோது படகு ஒரு பேன் அளவு இருந்தது. ‘மக்கள் விரோதப் பிரச்சாரம்’ மிக நீளம். அதை முடித்தபோது ஒரு புள்ளி. கடைசி வரியை முடித்துத் தலையைத் தூக்கினேன். ஏரியும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. நடுவில் எதுவும் இல்லை.

பேனாவை எடுத்துத் தாளின் அடியில் எழுதினேன்: “இது நான் சொன்னதில்லை. 1929இல் எழுதியதும் நான் சொன்னதில்லை. தந்தை நிகாந்தர் எதுவும் கட்டளையிடவில்லை. யோனா.” எட்டாவது வார்த்தையில் எழுத்து விடவில்லை.

ரோகோவ் அதைப் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். “உனக்கு யார் எழுதக் கத்துக் குடுத்தது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அரசாங்கந்தான் தோழர். அடுப்புக்குப் பின்னாடி உக்காந்து கத்துக்கிட்டேன். யாரும் கவனிக்கலை.”

காவலர்கள் ஊருக்குள் போனார்கள். செருப்புக் கடையில் ஊசியும் நூலும்தான் இருந்தனவாம்.

மே 3

வந்த வண்டி செருப்புத் தைப்பவரைத் தேடப் போய்விட்டதால் நாளை காலைதான் எனக்கு வண்டி வருகிறது. கிழக்கே என்று மட்டும் சொன்னார்கள். தலைவர் போன பக்கம்.

நேற்றும் இன்றும் மார்ஃபாவைக் கூட்டிக்கொண்டு பத்தொன்பது அடுப்பையும் சுற்றினேன். “ஏழாவதுக்கு மட்டும் கோவம் ஜாஸ்தி. மேல்காத்து அடிச்சா கதவைக் கால்வாசி திறந்து வை” என்றேன். “என் புருஷன் மாதிரி” என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் உள்ளங்கைகளில் துடுப்புக் கொப்புளங்கள் உடைந்திருந்தன. ரொட்டியை உலர்த்திப் பையில் நிறைத்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். இந்தத் தாள்களும் அவளிடம்தான் இருக்கும். என்றாவது அவளும் முழுதாகப் படித்துவிடுவாள்.

டீச்சர் ஒரு பென்சிலும், நூலால் தைத்த சின்ன நோட்டும் கொடுத்தார். இரண்டு பக்கமும் வெள்ளை. இரண்டு பக்கமும்! தடவித் தடவிப் பார்க்கிறேன். பென்சில் என்றால் குளிருக்கு உறையாது என்றார்.

வெளியே வெளிச்சம் போகவே மாட்டேன் என்கிறது. ஏரி பால் மாதிரி இருக்கிறது. வாத்துகள் வடக்கே போகின்றன, ஒரு நீண்ட வரி, ஒரு பிழை இல்லாமல். கை சோர்ந்துவிட்டது. மூன்று நான்கு நாள் பயணமாம், வண்டியில் எழுதினால் எழுத்து நடுங்கும். அடுத்த வாரம் போய்ச் சேர்ந்ததும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுகிறேன். அங்கே சன்னல் இருந்தால் அதில் என்ன தெரிகிறது என்பதை முதலில் எழுதுகிறேன்.